தபேயை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே

எவரெஸ்ட் ஏறியவர்கள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். டென்சிங்கோடு முதலில் உச்சியை அடைந்த ஹிலாரிக்கும், ஒட்சிசன் சிலிண்டர் இல்லாமல் ஏறிய மெஸ்னருக்கும் இவ்வளவு இடம் கொடுத்த கட்டுரை, ஜுன்கோ தபேயை 'எவரெஸ்ட் ஏறிய முதல் பெண்' என்ற ஒரே வரியோடு விட்டது சரியில்லை. 1975இல் பெண்கள் மட்டும் சேர்ந்த ஜப்பானியக் குழுவோடு போனவர், வீட்டில் சின்னப் பிள்ளை வேறு, பணம் கேட்டுப் போன இடங்களில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருங்கள் என்றுதான் சொன்னார்களாம், அதனால் பியானோ சொல்லிக்கொடுத்துக் காசு சேர்த்து, பழைய கார் சீட் உறையில் கையுறை தைத்துக்கொண்டு போனார். மே 4ஆம் திகதி கூடாரத்தின் மேல் பனிச்சரிவு. நினைவு தப்பிக் கிடந்தவரை, மலையேற உதவும் ஷெர்பா மக்கள் இழுத்தெடுத்தார்கள். 12 நாள் கழித்து உச்சியில் நிற்கிறார்!

மற்றது, எங்கட நாட்டு ஜயந்தி குரு உதும்பாலவை எப்படி மறந்தீர்கள்? 2016 மே 21இல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் இலங்கையர் அவர். கூடப் போன யொஹான் பீரிஸ் 8,400 மீற்றர் வரை ஏறி, ஒட்சிசன் பிரச்சினையால் திரும்பினார், பிறகு 2018இல் போய் ஏறி முடித்தார். உயரத்தில் அரைக் கிலோமீற்றர்கூட மிச்சமில்லை என்று தெரிந்தும் திரும்பியதுதான் எனக்கு ஏறியதைவிடப் பெரிசாகத் தெரிகிறது.

யாழ்ப்பாணத்தில் ஏறிப் பழக ஒரு குன்றுகூட இல்லை, இங்கே பள்ளிப் பிள்ளைகள் மலையைக் காண்பதே நுவரெலியா சுற்றுலாவில்தான். தபேயையும் ஜயந்தியையும் பற்றித் தனியாக எழுதுங்கள், வகுப்பில் வாசித்துக் காட்ட உதவும்.