தலைப்பு வைக்கிறீர்களா, புதிர் போடுகிறீர்களா?

பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையதளமான விக்கி ஒன்றிலேயே "ஆறு", "ஆறுகள்", "நதி" என்று மூன்று பக்கங்கள். மூன்றிலும் அரைகுறைத் தகவல். புதுப் பக்கம் தொடங்கும் முன் தேடல் பெட்டியில் அந்தச் சொல்லைத் தட்டிப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா? ஒருமையில், வேற்றுமை உருபு ஒட்டாமல், ஒரே சொல்லில் தலைப்பு வையுங்கள். மற்ற வடிவங்களுக்கெல்லாம் #வழிமாற்று போடுங்கள்; தேடி வருபவரை அது சரியான பக்கத்துக்கு அனுப்பிவிடும். இவ்வளவுதான் விதி. இதைக் கேட்டாலே "கட்டுப்பாடு" என்று குதிக்கிறார்கள்.

அடுத்து, "தானியங்கி இணைப்பு இருந்தால் போதுமே" என்பவர்கள். 1995-இல் வார்டு கன்னிங்காம் திறந்த முதல் விக்கியில், இரண்டு ஆங்கிலச் சொற்களை இடைவெளி இல்லாமல் ஒட்டி, ஒவ்வொன்றையும் பெரிய எழுத்தில் தொடங்கினால் அது தானாகவே இணைப்பாகிவிடும். தமிழில் பெரிய எழுத்துக்கு எங்கே போவது? 2001-இல் அந்த முறையோடு தொடங்கிய விக்கிப்பீடியாவே அதை உதறிவிட்டு [[ ]] என்ற இரட்டைச் சதுர அடைப்புக்குள் சொல்லை எழுதி இணைக்கும் முறைக்கு வந்துவிட்டது. இங்கே இன்னமும் ஏதாவது நீட்சியை (கூடுதல் நிரலை) போட்டு, தலைப்போடு பொருந்தும் சொல்லையெல்லாம் நீல இணைப்பாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த நீட்சிகள் செய்யும் கூத்தைப் பாருங்கள். சொல்லின் எல்லையைக் கண்டுபிடிக்க, உரைக்குள் எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமுறையான ரீஜெக்ஸின் வழக்கமான எல்லைக்குறியை அப்படியே போடுகிறார்கள். பல நிரல்மொழிகளில் அதன் கணக்கில் புள்ளியும் கால், கொம்பும் எழுத்தே கிடையாது. "கல்" என்று ஒரு பக்கம் இருந்தால், "கல்வி" என்ற சொல்லுக்குள் புள்ளிக்கும் "வி"க்கும் நடுவே எல்லை இருப்பதாக நினைத்து, முன்பாதியை இணைப்பாக்கிவிடும். தனியாக நிற்கும் "கல்" முடிவிலோ புள்ளியும் இடைவெளியும்தான் இருக்கின்றன; இரண்டுமே எழுத்தல்ல, ஆகவே எல்லையும் இல்லை, இணைப்பும் வராது! வேண்டாத இடத்தில் வரும், வேண்டிய இடத்தில் வராது. முன்னும் பின்னும் எழுத்தோ துணைக்குறியோ இல்லை என்று இரண்டையும் சேர்த்துச் சோதித்தால்தான் இது தீரும். அப்படித் தீர்த்த பிறகும் "ஆறு மணிக்கு" என்பதைச் சொடுக்கினால் நதிக்குத்தான் போவீர்கள்.

கையால் இணைப்பதிலாவது ஒழுங்கு உண்டா? [[வீடு]]கள் என்றால் சரி, பின்னொட்டு ஒட்டிக்கொள்ளும். "வீட்டில்" என்று வரவேண்டிய இடத்தில் [[வீடு]]இல் என்று எழுதிவைத்தால் யார் படிப்பது? [[வீடு|வீட்டில்]] என்று எழுதுங்கள்; கோட்டுக்கு முன்னால் தலைப்பு, பின்னால் காட்டும் பெயர். இன்னும் சிலர் [[வீட்டில்]] என்று போட்டு, அப்படிப் பக்கமே இல்லாததால் சிவப்பாக வந்ததும் அதையே சொடுக்கி அந்தப் பெயரில் புதுப் பக்கம் தொடங்குகிறார்கள். நல்லா இருங்க! அடைப்புக்குறி விளக்கம் உள்ள தலைப்புக்கு, விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் குறுக்குவழியே உண்டு: [[ஆறு (எண்)|]] என்று எழுதிச் சேமித்தால் காட்டும் பெயர் "ஆறு" என்று தானே நிரம்பிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத கொடுமை ஒன்று. "கௌதமர்" என்பதை ஔகாரக் குறியோடு அடிக்காமல் ஒற்றைக் கொம்பு, க, ள என்று நினைத்து "கெளதமர்" என்று அடிக்கிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், விக்கிக்கு இரண்டும் வேறு வேறு பக்கங்கள். ஒகரத்தை ஒற்றைக் கொம்பு, கால் என்று பிரித்து அடித்தால் மீடியாவிக்கி, கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு முறைப்படி சேர்த்துவிடும். இதைச் சேர்க்காது, ஏனென்றால் "ள" ஒரு தனி எழுத்து. சிவப்பு இணைப்பைப் பார்த்ததும் "பக்கத்தை யாரோ அழித்துவிட்டார்கள்" என்று சண்டைக்கு வரும் முன், தலைப்பை ஒருமுறை அழித்துவிட்டுத் திரும்ப அடித்துப் பாருங்கள்.

கட்டுரையின் முதல் வரியையே தலைப்பாக வைப்பவர்களுக்கு: வரம்பு 255 பைட்டு. தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட்டு, ஆக 85 குறியீடுகள்தான். "கு" என்பதே "க", உகரக் குறி என்று இரண்டு.

கடைசியாக, தலைப்பை "அழகுபடுத்த" பக்கத்தை வேறு பெயருக்கு நகர்த்துகிறவர்கள். ஒரு பக்கத்தை இரண்டு முறை நகர்த்தினால் இரட்டை வழிமாற்று உருவாகும், அதாவது ஒரு வழிமாற்று இன்னொரு வழிமாற்றுக்கே அனுப்பும். மீடியாவிக்கி இயல்பாக ஒரு தாவலோடு நின்றுவிடும், வாசகர் நடுவழியில் நிற்பார். பகுதித் தலைப்பை மாற்றுவது இன்னும் மோசம். அதற்கு வந்த இணைப்பு சிவப்பாகக்கூட மாறாது, பக்கத்தின் உச்சியில் இறக்கிவிட்டுப் போய்விடும். "இப்பக்கத்தை இணைத்தவை" என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை ஒருமுறையாவது அழுத்தியிருக்கிறீர்களா?