இடது பக்கம் இடம் தெரிந்தால் உடனே நுழைந்துவிடுவீர்களா?

டிரெய்லர் இடது இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டே வலது பக்கம் ஒதுங்கினால் என்ன அர்த்தம் என்று இந்த மும்பையில் கார் ஓட்டுகிறவர்களில் ஒருவருக்காவது தெரியுமா? இடதுபுறம் ஒரு கார் போகிற அளவுக்கு இடம் கிடக்கிறதே, இவன் ஏன் இதை விட்டுவைத்திருக்கிறான் என்று ஒரு நொடி யோசிக்க மாட்டீர்களா? யோசிக்கக்கூட வேண்டாம், நின்றால் போதும். நிற்கவும் மாட்டீர்கள்.

அந்த இடம் என் பின் சக்கரங்களுக்கு வேண்டிய இடம். நாற்பதடி கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டுதான் வரும். நாம் சாலையின் இடதுபக்கம் போகிறவர்கள், அதனால் நமக்கு இடது திருப்பம்தான் குறுகலானது. கேபின் வளைவைத் தாண்டுகிற வரை நேராகப் போய், அப்புறம் ஒடித்தால்தான் வால் கம்பத்தில் ஏறாமல், சாக்கடையில் இறங்காமல், ஓரத்தில் நடக்கிற ஆளை நசுக்காமல் வந்து சேரும். டிரெய்லர் பழக வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது. கார் பழகுகிறவர்களுக்கு இதை யாருமே சொல்லிக்கொடுப்பதில்லையா?

நேற்று மத்தியானம் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. உரண் பக்கம், கவ்ஹான் ஃபாட்டா தாண்டி, ஒரு கண்டெய்னர் யார்டுக்குள் இடதுபுறம் திரும்ப வேண்டும். மேலே இருந்தது காலிக் கண்டெய்னர். பக்கத்து சீட்டில் எனக்கு டிரெய்லர் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற உஸ்தாத். சங்ககிரிக்காரர், 1989-இல் நவசேவா துறைமுகம் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே இந்தப் பக்கம் வந்துவிட்டவர். முன்னாலும் பின்னாலும் வெள்ளைப் பலகையில் சிவப்பு எல். விதிப்படி அந்தப் பலகை 18 சென்டிமீட்டர் சதுரம் இருந்தால் போதும். எட்டடி அகலக் கண்டெய்னருக்குக் கீழே அது யார் கண்ணில் படும் என்று உஸ்தாத் தன் கைக்காசில் பெரிய பலகையாகவே எழுதி மாட்டியிருந்தார். தூரத்தில் வருகிறவனுக்கும் தெரியும் பலகை அது.

இண்டிகேட்டர் போட்டேன். வலது பக்கம் ஒதுங்கினேன். கிளீனர் பையன் கீழே இறங்கி இடது பக்கம் நின்று கையை விரித்துக்கொண்டான். முதலில் ஒரு பைக் அவன் கைக்குக் கீழே குனிந்து போனது. அதன் பின்னாலேயே இன்னொரு பைக், அதில் மூன்று பேர். அப்புறம் ஒரு ஆட்டோ. "பொறு கண்ணு, போவட்டும். நமக்கென்ன அவசரம்" என்றார் உஸ்தாத். பொறுத்தேன். பின்னால் ஹாரன். அதையும் பொறுத்தேன். இடது பக்கம் முழுக்கக் காலியானதும் கிளீனர் தலையாட்டினான். "இப்ப ஒடி" என்றார் உஸ்தாத். ஒடித்தேன்.

கேபின் இடதுபக்கம் மடங்கியதும் என்ன ஆகும் தெரியுமா? இடது கண்ணாடி முழுக்க கண்டெய்னரின் விலாதான் தெரியும், அதற்குப் பின்னால் வருவது தெரியாது. வலது கண்ணாடியில் டிரெய்லரே இருக்காது, வேறு எங்கோ ரோடு தெரியும். அந்த நேரத்தில் எனக்குக் கண் என்றால் கீழே நிற்கிற பையன் ஒருவன்தான். அந்தப் பையனைச் சுற்றிக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் உள்ளே வந்தது. அவன் பக்கவாட்டில் குதித்துத் தப்பித்தான். குதித்த வேகத்தில் கேபின் கதவை ஓங்கி அடித்தான். மிதித்தேன். நின்றது. ஏர் பிரேக்கில் மிதித்த உடனே டிரெய்லர் வரை காற்று போய்ச் சேர ஒரு கணம் ஆகும், காலி வண்டி என்றால் பின்னால் குதிக்கும். குதித்துத்தான் நின்றது. காருக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஒரு கையை நுழைக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். கார் முன்னால் போக முடியாது, என் கேபின் யார்டு வாசலை அடைத்து நிற்கிறது. பின்னால் போக முடியாது, அதற்குள் ஒரு டெம்போ வந்து அதன் பின்னால் ஒட்டிக்கொண்டது. டெம்போவுக்குப் பின்னால் இரண்டு ஆட்டோ. நான் ஒரு அடி முன்னால் எடுத்தால் பின் சக்கரம் கார் மேல் ஏறும். பின்னால் எடுக்கலாம் என்றால், கேபின் இடதுபுறம் மடங்கி நிற்கும்போது பின்னால் தள்ளினால் வால் இன்னும் இடது பக்கம்தான் போகும், மடிப்பும் கூடும். அந்த இடது பக்கத்தில்தான் கார், டெம்போ, ஆட்டோ எல்லாம். எனக்கு நேர் பின்னால் வேறு லாரி வரிசை.

காரிலிருந்து அந்த மனிதர் இறங்கினார். "பீச்சே லே! பீச்சே லே!" (பின்னால் எடு) என்று பானெட்டைத் தட்டினார். உஸ்தாத் இறங்கிப் போய், டிரெய்லர் அப்படி எடுக்க வராது, உங்கள் காருக்குத்தான் அடி விழும் என்று பொறுமையாக ஹிந்தியில் சொன்னார். கேட்கவில்லை. யார்டு வாட்ச்மேன் வந்து "ஆனே தோ, ஆனே தோ" என்று என்னை முன்னால் கூப்பிட்டார். டெம்போக்காரன் கீழே இறங்கி, ஸ்டியரிங்கை முழுக்க வலது பக்கம் ஒடி என்றான். டீக்கடையிலிருந்து வந்த ஒருவர் இடது பக்கம் ஒடி என்றார். ஆட்டோக்காரர்கள் எதுவும் சொல்லவில்லை, ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. இத்தனை பேரும் கத்துவது ஒருவனைப் பார்த்து. தவறாக நுழைந்த காரைப் பார்த்து ஒரு ஆள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போதுதான் அந்தக் கார்க்காரர் உள்ளே இருந்த மனைவியிடம் திரும்பித் தமிழில் சொன்னார்: "இவனுங்களுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்? எட்டாங்கிளாஸ்கூட தாண்டியிருக்க மாட்டானுங்க."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நான் பி.காம். படித்தவன். படிக்காதவனாகவே இருந்தாலும் என்ன? லாரி டிரைவருக்கு எட்டாம் வகுப்பு கட்டாயம் என்ற விதியை 2019-லேயே எடுத்துவிட்டார்கள், எடுத்தது நியாயம்தான். வாழ்நாளெல்லாம் டிரெய்லர் ஓட்டுகிற உஸ்தாத் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், அவரைவிட நன்றாக ஓட்டுகிற படித்தவர் ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். அந்த மனிதர் கார் லைசென்ஸ் வாங்க 18 வயது போதும். டிரைவிங் ஸ்கூலில் 21 நாள், பத்து மணி நேரம் ஸ்டியரிங் பிடித்தால் போதும். எனக்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும். கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் முடிந்திருந்தால்தான் இதற்கு எல்.எல்.ஆரே தருவார்கள். ஸ்கூலில் குறைந்தது 30 நாள், பதினைந்து மணி நேரம். லைசென்ஸ் வந்த பிறகும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்தப் பதினைந்து மணி நேரமும் எனக்கு ஆறு சக்கர லாரியில்தான் கிடைத்தது, ஸ்கூலில் டிரெய்லரே கிடையாது. அதனால்தான் உஸ்தாத் பக்கத்தில் உட்கார்ந்து தனியாகப் பழகிக்கொண்டிருக்கிறேன். இதில் எவன் லைசென்ஸ் கொடுத்தான் என்று இவர் கேட்கிறார்!

கண்ணாடியை இறக்கித் தமிழிலேயே சொன்னேன்: "அண்ணே, லைசென்ஸ் அப்புறம் பேசலாம். முன்னாடியும் பின்னாடியும் எல் போர்டு மாட்டியிருக்கு, நடுவுல ஒரு பையன் கைய விரிச்சு நிக்கிறான். அதையெல்லாம் தாண்டி ஏன் உள்ள வந்தீங்க?"

முகம் மாறிவிட்டது. "தமிழா தம்பி? எந்த ஊரு?"

"தாராவி. அப்பா ஊரு திருநெல்வேலிப் பக்கம்."

"அட, நாங்க நாங்குநேரி!" என்று மனைவியிடமும் சொன்னார். அந்த அம்மா உள்ளேயிருந்து கை ஆட்டினார். எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. சரி, இனிமேலாவது புரிந்துகொள்வார், டெம்போக்காரனிடம் சொல்லிக் காரைப் பின்னால் எடுப்பார் என்று. அவர் கேபின் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, சொந்தக்காரன் போலக் கேட்டார்: "நம்மூருப் பையனாப் போயிட்ட. கொஞ்சம் பின்னால எடுத்து விட்டுருப்பா. பிளைட்டுக்கு ஆள் கூப்பிடப் போகணும்."

இதற்கு மேல் என்ன சொல்ல?

கடைசியில் உஸ்தாத்தான் போனார். அந்த வயசில், அந்த வெயிலில், பின்னால் நின்ற ஆட்டோக்களை முதலில் நகர்த்தி, டெம்போவை நகர்த்தி, பிறகு காரை அங்குலம் அங்குலமாகப் பின்னால் கூப்பிட்டு வெளியே அனுப்பினார். நான் பிரேக்கில் இருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு ஒடித்தேன், வண்டி சுத்தமாக யார்டுக்குள் போனது. ஒரு உரசல் இல்லை. அந்த மனிதர் கண்ணாடியை இறக்கி என்னிடம் சொல்லிவிட்டுப் போன வார்த்தை: "பாத்து ஓட்டு தம்பி."

நான் பார்த்துத்தானே ஓட்டினேன்! அங்கே இருந்தவர்களில் பார்த்து ஓட்டியவன் நான் ஒருவன்தானே!

2024 ஜனவரியில் அடல் சேது கடல் பாலம் திறந்ததிலிருந்து இந்தத் தொல்லை கூடித்தான் போயிருக்கிறது. சிவ்டியில் ஏறினால் 21.8 கிலோமீட்டரும் சிக்னல் இல்லாத பாதை. காருக்கு நூறு வரை அனுமதி. நல்ல பாலம், மறுக்கவில்லை. ஆனால் சிர்லேயில் இறங்கியதும் நீங்கள் வந்து சேருவது துறைமுகத்து ரோடு. அங்கே ஓடுவதெல்லாம் கண்டெய்னரும் டேங்கரும். வண்டியும் சரக்கும் சேர்த்து 55 டன் வரை சட்டமே அனுமதிக்கிற வண்டிகள் அவை. கடலுக்கு மேல் ஓட்டிய அதே வேகத்தில் அதே மிதப்பில் எங்கள் விலாவுக்குள் வந்து நுழைகிறீர்கள். நாங்கள் நின்றால் "ட்ராஃபிக் பண்றான்", போனால் "கொலைகாரன்". நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் கூட்டம் முதலில் கைவைப்பது எங்கள் சட்டைக் காலரில். கார்க்காரர் எங்கிருந்து நுழைந்தார் என்று ஒருவரும் கேட்கப் போவதில்லை.

பழகுகிறவன் வேறு எங்கேதான் பழகுவான்? டிரெய்லர் ஓட்டிப் பழகுகிற அளவுக்குக் காலியான மைதானம் இந்த ஊரில் எங்கே இருக்கிறது? இருந்தால் சொல்லுங்கள், நாளைக்கே அங்கே போகிறேன். யார்டுக்குள் பழகலாம் என்றால் கண்டெய்னருக்கே இடம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ரோடு காலியாக இருக்கும்போது பழகலாம் என்று உஸ்தாத்திடம் கேட்டால், பகலில் பழகாதவன் பகலில் எப்படி ஓட்டுவான் என்கிறார். அவர் சொல்வதும் சரிதான்.

ராத்திரி வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா, "நாங்குநேரியில எந்தத் தெருன்னு கேட்டியாடா?" என்றாள். சிரித்துவிட்டேன், சிரிக்காமல் என்ன செய்ய? அப்புறம் ஊர்ப் பேச்சு வந்தது, பொங்கலுக்குப் போவதைப் பற்றி. அதுவாவது ஒழுங்காக நடக்கிறதா? முன்பு 120 நாளுக்கு முன்னால் ரயில் டிக்கெட் எடுக்கலாம், 2024 நவம்பரிலிருந்து அதை 60 நாளாக்கினார்கள். இனி நம்மைப் போன்றவர்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கே கிடைக்கிறது? காலை எட்டு மணிக்குக் கவுண்டரின் முன்வரிசையில் நின்றாலும் நம் கைக்கு வருவது வெயிட்டிங் லிஸ்ட்தான். தாராவி, மாட்டுங்கா, ஆண்டாப் ஹில், செம்பூர் என்று இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற ஊரிலிருந்து நெல்லைப் பக்கம் போக பண்டிகைக்கு இன்னும் நாலு ரயில் சேர்த்து விட்டால் என்ன குறைந்துவிடும்?