"அரசியல் வேண்டாம் அம்மா, மகனைப் பற்றிச் சொல்லுங்கோ"

அந்த வீடியோவை இதுக்குள்ள எல்லாரும் பாத்திருப்பியள், ஆர் எவர் எண்டு நான் சொல்லப் போறேல்ல, சொன்னா உடன ஆளைப் பற்றின சண்டையாப் போயிடும். எனக்கு ஆள் முக்கியமில்ல. மகளிர் தினக் கூட்டம், முன் வரிசையில அம்மாமார், மடியில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர லமினேற் பண்ணின படங்கள், பிரதம விருந்தினர் முக்கால் மணித்தியாலம் "பெண் என்பவள் சக்தி" எண்டு கதைச்சு முடிச்சாப் பிறகு ஒரு அம்மாவுக்கு அஞ்சு நிமிசம். அவ எழும்பி, சாட்சி சொல்லப் போற ஆக்களுக்குப் பாதுகாப்பு ஆர் தாறது, போர் முடியேக்க ஆமியிட்டச் சரணடைஞ்ச ஆக்களின்ர பட்டியலைக் கேட்டு இவ்வளவு வருசமாச்சு, அதைப் பற்றி மேடையில இருக்கிற நீங்கள் என்ன செய்யப் போறியள் எண்டு கேக்கத் தொடங்க, நிகழ்ச்சி நடத்தின தம்பி மைக்குக்குக் கிட்ட வந்து சிரிச்சுக்கொண்டு சொல்றார்: "அம்மா, அரசியல் வேண்டாம், உங்கட மகனைப் பற்றிச் சொல்லுங்கோ."

அந்தச் சிரிப்புத்தான் எனக்கு விசர் ஏத்தினது.

மகனைப் பற்றிச் சொல்லோணும். அதாவது அழோணும். அழுதா கமரா கிட்ட வரும், முன்னுக்கு இருக்கிற ஐயாமார் கண்ணாடியைக் கழட்டித் துடைப்பினம், அடுத்த நாள் பேப்பரில "கண்ணீர் மல்க" எண்டு வரும். கேள்வி கேட்டா மணி அடிப்பினம். நான் இதைத்தான் இண்டைக்கு முழுக்கச் சொல்லப் போறன், வேற ஒண்டுமில்ல: அந்தப் பெம்பிளையளிட்ட அழுகையைக் கேக்காதேங்கோ, அபிப்பிராயத்தைக் கேளுங்கோ.

"அவைக்கு அரசியல் தெரியுமோ" எண்டு கேப்பியள். தெரியுமா எண்டோ? 2017 ஜனவரியில வவுனியாவில சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தவை, நாலாம் நாள் அமைச்சர் ஒருத்தர் வந்து வாக்குக் குடுக்க நம்பி எழும்பினவை. அந்த வாக்குக்கு என்ன நடந்ததெண்டு கண்ட பிறகுதான் பெப்ரவரி 20 கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில கொட்டில் போட்டினம், நாலு நாளில வவுனியாவிலையும், மார்ச் 8 முல்லைத்தீவிலையும் இருந்தினம். மார்ச் 8! உங்கட மகளிர் தினம்தான். அந்த வருசம் யூனில ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைச் சந்திக்கேக்க அவை கேட்டது என்ன தெரியுமோ? இராணுவத்திட்டச் சரணடைஞ்ச ஆக்களின்ர பட்டியல், இரகசிய முகாம்களின்ர பட்டியல், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில பிடிச்சு வச்சிருக்கிற ஆக்களின்ர பட்டியல். என்ன தெளிவான கோரிக்கை. ஓம் எண்டு தலையாட்டிப்போட்டுப் போனவர் போனவர்தான். எங்கட கட்சிக்காரர் அந்த நேரம் கதைச்சதையும் இதையும் பக்கத்தில வச்சுப் பாருங்கோ, ஆருக்கு அரசியல் தெரியும் எண்டு பேந்து கதைப்பம்.

என்ர மாமியைச் சொல்றன். மாமி எட்டாம் வகுப்போட நிண்டவ. கொஞ்சக் காலத்துக்கு முன்னம் ஆராய்ச்சி செய்யிற ஒரு பிள்ளை வெளிநாட்டில இருந்து வந்து, நல்ல பிள்ளை, கையில றெக்கோடர், "மகன் காணாமல் போன அண்டைக்கு உங்களுக்கு எப்பிடி இருந்தது" எண்டு கேட்டா. மாமி அவவை வடிவாப் பாத்துப்போட்டு "பிள்ளை, பேனை கொண்டு வந்தனியோ" எண்டு கேட்டா. கொண்டு வந்திருந்தா. "அப்ப எழுதும்" எண்டு தொடங்கினவ, தேத்தண்ணி ஆறிப் பச்சைத்தண்ணியாப் போற வரைக்கும் நிப்பாட்டேல்ல. 2016 இல காணாமல் போன ஆக்களுக்கான அலுவலகம் எண்டு சட்டம் கொண்டு வந்து, ஆக்களைப் போட 2018 ஆகிட்டுது, அந்த இடைவெளியில என்ன நடந்தது, எத்தினை ஆணைக்குழுவுக்கு ஒரே கதையை ஒரே அழுகையோட சொன்னது, சொல்லிப்போட்டு வீட்ட வர சிஐடி வாசலில நிண்டது, எல்லாம் ஒழுங்கு வரிசையில. அந்தப் பிள்ளை போகேக்க மாமி எனக்குச் சொன்னா, "அதுக்கு அழுகை தான் தேவைப்பட்டது போல, பாவம், நான் குடுக்கேல்ல". அப்பிடியொரு மனுசி. அவவைக் கூப்பிட்டு விளக்குக் கொளுத்தச் சொல்லுவியள். ஒரு மேசையில உங்களோட சமமா இருத்துவியளோ?

இது இண்டைக்கு நேற்றைய கதையும் இல்ல. 1984 இல வடமராட்சிப் பக்கம் ஆமி பெடியளை அள்ளிக்கொண்டு போகேக்க யாழ்ப்பாணத்தில அன்னையர் முன்னணி எண்டு பெம்பிளையள் திரண்டு கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரச செயலகத்துக்கு, ஊர்வலம் போனவை. அண்டைக்கு ஆயுத இயக்கங்களுக்குள்ளையே ஆயிரத்தெட்டுப் பிரச்சினை, ஆனா இவை நேரா அரசாங்க அதிபரின்ர வாசலுக்குப் போச்சினம்.

மட்டக்களப்பில அன்னை பூபதி. 1988 மார்ச் 19 மாமாங்கப் பிள்ளையார் கோயிலடியில உண்ணாவிரதம் இருந்தவ, ஏப்ரல் 19 இல செத்தவ. பத்துப் பிள்ளையளின்ர தாய். வருசா வருசம் மாலை போடுறியள், சுடர் ஏத்துறியள், நானும் போயிருக்கிறன். அவவின்ர ரெண்டு கோரிக்கை என்ன எண்டு அந்தக் கூட்டத்தில நிக்கிற பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கோ. உடன போரை நிப்பாட்டு, புலியளோட நிபந்தனை இல்லாமப் பேசு. இந்தியாவை நோக்கி, அவையின்ர அவ்வளவு பெரிய ஆமி ஊருக்குள்ள நிக்கேக்க, ஒரு மனுசி தண்ணியை மட்டும் குடிச்சுக்கொண்டு போர் நிறுத்தம் கேட்டிருக்கிறா. இதை விட அரசியல் என்ன இருக்கு? நாங்கள் அவவை அம்மன் ஆக்கிப்போட்டம். அம்மன் திரும்பிக் கேள்வி கேக்காதுதானே, வசதி.

இப்ப ஆரோ கொமெண்டில வருவினம், "தென்னிலங்கைப் பெம்பிளையள் எங்க போனவை அப்ப" எண்டு. ஐயா, அதுவும் ஒரு கதை இருக்கு, கேளுங்கோ. 1990 இல மாத்தறையில சிங்கள அம்மாமாரும் அன்னையர் முன்னணி தொடங்கினவை, ஜேவிபி எண்ட சிங்கள இளைஞரின்ர கிளர்ச்சிக் காலத்தில அவையின்ர பெடியளையும் இதே அரசாங்கம்தான் தூக்கினது. முகத்துவாரம் காளி கோயிலில தேங்காய் உடைச்சு ஆட்சியில இருந்தவையைச் சாபம் போட்டவை. அந்த அம்மாமாருக்குப் பின்னால நிண்டு, அவையின்ர பிள்ளையளின்ர விபரத்தைத் தூக்கிக்கொண்டு ஜெனீவாவில இருக்கிற ஐ.நா.வுக்குப் போக வெளிக்கிட்ட எம்பி ஆர்? மகிந்த ராஜபக்ச. கட்டுநாயக்காவில பொலிஸ் அந்த ஆவணங்களைப் பறிச்சது. அதே மனுசன் ஜனாதிபதியா இருந்த 2009 இல எங்கட அம்மாமார் முல்லைத்தீவு வட்டுவாகலில பிள்ளையளை ஆமியிட்டக் கையில பிடிச்சுக் குடுத்திச்சினம். அம்மாமாரின்ர கண்ணீரை ஏணியா வச்சு ஏறினவைக்கு நல்ல உதாரணம் இதை விட வேணுமோ? அதாலதான் சொல்றன், கண்ணீர் ஆருக்கும் உதவும். கோரிக்கைதான் ஆருக்கும் பிடிக்காது.

சந்தியா எக்னெலிகொடவைப் பாருங்கோ. பத்திரிகைக்காரரான புருசன் பிரகீத்தை 2010 ஜனவரியில காணாமல் ஆக்கினவை. அண்டையில இருந்து கோடு கச்சேரி எண்டு அலையிறா. கோட்டு வளவுக்குள்ள வச்சு ஞானசார தேரர் வெருட்டினதுக்கு, அந்தாளுக்கு 2018 இல தண்டனை கிடைக்கச் செய்தவ அவதான். ஒரு பௌத்த நாட்டில ஒரு சிங்களப் பெம்பிளை ஒரு பிக்குவை. எங்கட அம்மாமாரோட வந்து ரோட்டில நிண்டவவும் அவதான். இதைக் கதைச்சா "நல்லிணக்கம் எண்டு பூச்சுத்தாதை" எண்டு ஒரு பக்கம் ஏசும். சுத்தேல்ல ஐயா. ஒரு மனுசியைப் பற்றிச் சொல்றன்.

"அவைக்குப் பின்னால ஆக்கள் நிக்கினம், காசு வருது." ஓம், சிலருக்குப் பின்னால ஆக்கள் நிக்கினம், சங்கத்துக்குள்ள பிரிவு இருக்கு, எனக்கும் தெரியும். உங்கட கட்சிக்குள்ள இல்லையோ?

"ஆம்பிளையளும் போராடினவைதானே." போராடினவை. சரி.

"இவ்வளவு வருசம் இருந்து என்னத்தைக் கண்டினம்" எண்டு கேக்கிற ஆக்களுக்கு மட்டும் கொஞ்சம் ஆறுதலாப் பதில் சொல்லோணும். 2017 ஜனவரி கடைசியில கேப்பாப்புலவில, பிலக்குடியிருப்புச் சனம் தங்கட காணியைக் கேட்டு விமானப்படை முகாம் வாசலில போய் இருந்தது. முன்னுக்கு இருந்தது முழுக்கப் பெம்பிளையள், கைக்குழந்தையளோட, பனியில, இரவிரவா. பெரிய தலைவர்மார் வந்து படம் எடுத்துக்கொண்டு போச்சினம், இவை அசையேல்ல. மார்ச் முதலாம் திகதி காணியை விட்டவங்கள். எல்லாக் காணியும் இல்ல, அதுக்குப் பிறகும் மிச்சச் சனம் இருந்தது தெரியும். ஆனா விமானப்படையிட்ட இருந்து ஒரு துண்டு நிலத்தை, துவக்கு இல்லாம, பாயை விரிச்சு இருந்தே திருப்பி எடுத்தவை ஆர்? பாராளுமன்றத்தில மேசைக்கு அடிச்சவையோ?

லைபீரியாவில 2003 இல போரை நிப்பாட்டச் சொல்லிப் பெம்பிளையள் மீன் சந்தைக்குப் பக்கத்து வெளியில வெள்ளை உடுப்போட மழையிலையும் வெயிலிலையும் இருந்து, பேந்து கானாவில பேச்சு நடந்த மண்டபத்துக்கே போய் வாசலை மறிச்சு, உடன்பாடு வராம ஒருத்தரும் வெளிய வர ஏலாது எண்டவை. உள்ளுக்கு இருந்த ஆயுதக்காரர் எல்லாம் ஆடிப்போச்சினம். ஆகஸ்டில சமாதான ஒப்பந்தம். அந்தப் பெம்பிளையளை முன்னுக்கு நிண்டு நடத்தின லேமா போவிக்கு 2011 இல நோபல். எங்கட ஆக்கள் அதை ஷெயார் பண்ணி "வீரப் பெண்கள்" எண்டு எழுதுவினம். வவுனியாவில வாசல் மறிச்சா "டிராபிக் பிரச்சினை".

அதே 2003 இல எங்கட நிலைமை என்ன? அரசாங்கமும் புலியளும் இருந்த பேச்சு மேசை தாய்லாந்து, நோர்வே எண்டு சுத்தினது, பெம்பிளையளின்ர விசயத்துக்கு ஒரு உபகுழு போட்டினம். ரெண்டு பக்கத்தாலையும் அஞ்சஞ்சு பேர். மார்ச்சில கிளிநொச்சியில கூடி, இடம்பெயர்ந்த பெம்பிளையள், வீட்டு வன்முறை எண்டு கதைக்கத் தொடங்கினவை. சிங்களப் பெம்பிளையளும் புலிப் பெம்பிளையளும் ஒரு அறைக்குள்ள இருந்து கதைச்சிருக்கினம், யோசிச்சுப் பாருங்கோ. ஏப்ரலில பேச்சுவார்த்தையே நிண்டு போச்சு. அதோட அதுவும் போச்சு. நிண்டது ஏன் எண்டு அந்தப் பத்துப் பேரிட்ட ஆராவது கேட்டவையோ?

இனி எழுதப் போறதுக்கு எனக்கு அடி விழும் எண்டு தெரியும், விழட்டும். ஆகஸ்ட் 30 காணாமல் ஆக்கப்பட்டோர் தினம். 1991 இல அதே ஆகஸ்ட் 30 தான் கவிதை எழுதின செல்வியைப் பிடிச்சுக்கொண்டு போனது, யாழ்ப்பாணத்தில, பிடிச்சது ஆமி இல்ல, புலியள். பிறகு வரவேயில்ல. அதுக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னம், 1989 செப்ரெம்பர் 21, ரஜினி திராணகம. யாழ் பல்கலைக்கழகத்தில உடற்கூற்றியல் படிப்பிச்சவ, சைக்கிளில வீட்ட போகேக்க சுட்டவங்கள். இந்திய ஆமி செய்ததையும் எழுதினவ, எங்கட ஆக்கள் செய்ததையும் எழுதினவ, "பூரணி" எண்டு பெம்பிளையளுக்கு ஒரு நிலையம் நடத்தினவையில ஒருத்தி. கேள்வி கேட்ட பெம்பிளைக்கு மணி அடிக்கிற பழக்கம் நேற்று அந்த மேடையில தொடங்கேல்ல எண்டதுக்குத்தான் இதைச் சொல்றன்.

"இப்ப ஏன் உதைக் கிளறுறாய், எதிரிக்கு வசதி செய்து குடுக்கிறாய்." வேற எப்ப கிளற? சண்டை நேரம் கேட்டா "இப்ப இல்ல". சண்டை முடியக் கேட்டா "புண்ணைக் கிளறாதை". ஜெனீவா நேரம் கேட்டா "ஒற்றுமை முக்கியம்". துரோகி எண்டா துரோகி எண்டு எழுதிப்போட்டுப் போங்கோ, எனக்குப் பழகிட்டுது. போன முறை வீட்டு வன்முறையைப் பற்றி எழுதேக்க "உன்ர புருசன் எங்க" எண்டு கேட்ட ஆக்கள்தானே நீங்கள். அண்டைக்கு இரவு முழுக்க நான் நித்திரை கொள்ளேல்ல. அதையும் இப்பதான் சொல்றன்.

ஓம், வீட்டு வன்முறை. ஏன் அதை இதுக்குள்ள கொண்டு வாறாய் எண்டு கேப்பியள். அந்த அம்மா அஞ்சு நிமிசத்தில சொல்ல வந்த அடுத்த விசயம் அதுதான், அவ வெளிய வந்து எனக்குச் சொன்னா. புருசனைக் காணாத பெம்பிளை வீட்டில தனிய இருந்தா இரவில கதவு தட்டுறது ஆமிக்காரன் மட்டும் இல்ல. காணி அவரின்ர பேரில, உறுதி மாத்த மரணச் சான்றிதழ் வேணும், மரணச் சான்றிதழ் எடுத்தா ஆள் செத்தெண்டு நீயே ஒப்புக்கொண்டதாப் போச்சு. 2016 இல ஆளைக் காணேல்ல எண்டு ஒரு சான்றிதழ் குடுக்கச் சட்டம் வந்தது, ஆனா அதைக் கொண்டு போய் நீட்டினா கந்தோரில ஒரு மாதிரித்தான் பாக்கினம். பொட்டு வச்சா ஒரு கதை, வைக்காட்டி ஒரு கதை. மாமியார் வீட்டில ஒரு கதை. 2022 இல காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ர குடும்பத்துக்கு ஒரு லச்சம் தாறம் எண்டு அரசாங்கம் சொல்லேக்க, வேண்டாம் எண்டு ரோட்டில நிண்டு சொன்னவை இந்தப் பெம்பிளையள்தான், அடுத்த நாள் சமைக்க அரிசி இல்லாதவையும் அதுக்குள்ள நிண்டவை.

2017 இல அரசாங்கம் போட்ட நல்லிணக்கப் பொறிமுறைக்கான கலந்தாலோசனைச் செயலணி ஒரு அறிக்கை வெளியிட்டது, மனோரி முத்தெட்டுவேகம அம்மா தலைமையில. ஏழாயிரத்துக்கு மேல ஆக்களும் அமைப்புகளும் சொன்ன விசயங்கள். வெளிநாட்டு நீதிபதியும் சேர்ந்த நீதிமன்றம் வேணும் எண்டது அதில தெளிவா இருக்கு. மேடையில ஏறுற ஐயாமார் அதில பத்துப் பக்கம் வாசிச்சிருந்தாலே அந்த அம்மா கேட்ட கேள்வி புதுசா இருந்திராது.

கடைசியா, அந்தத் தம்பிக்கு ஆதரவா வாறவைக்கு. "நேரம் போச்சு, அதுதான் சொன்னவர், அவரில பிழையில்ல." நேரம் போச்செண்டா முக்கால் மணித்தியாலம் கதைச்சவருக்கு ஏன் மணி அடிக்கேல்ல? அவர் அரசியல்தானே கதைச்சவர்? ஏற்பாட்டுக் குழுவில எத்தினை பெம்பிளையள் இருந்தவை, அம்மாமார் வந்து போன பஸ் காசை ஆர் குடுத்தது, சாப்பாடு மேடைக்கு ஒரு விதம் கீழ இருந்தவைக்கு இன்னொரு விதம் எண்டு குடுத்தது ஏன்? இந்த மூண்டுக்கும் பதிலை முதல் எழுதுங்கோ. மிச்சத்தை அதுக்குப் பிறகு கதைப்பம்.