தணிக்கையில் சிக்கிய துப்பறிவாளர்

(கணக்குத் தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற மாமனாரும், திரைப்படம் என்றால் உயிரை விடும் மருமகனும், 2001இல் வெளிவந்த ‘டிரெய்னிங் டே’ படத்தை இப்போதுதான் பார்த்து முடித்திருக்கிறார்கள். மாமனார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அது நல்ல அறிகுறி அன்று.)

மருமகன்: பார்த்தீர்களா மாமா, காலையில் செய்தித்தாளும் கையுமாக உட்கார்ந்து புதிய அதிகாரியை மிரட்டத் தொடங்கும் காவல் துறைத் துப்பறிவாளராக வரும் டென்சல் வாஷிங்டன், இரவு வருவதற்குள் நம்மையும் அல்லவா தம் பக்கம் இழுத்துவிடுகிறார்! ஆஸ்கர் விருதைச் சும்மாவா கொடுத்தார்கள்?

மாமனார்: நடிப்பைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை, மாப்பிள்ளை. செலவினத்தைப் பற்றித்தான் இருக்கிறது.

மருமகன்: செலவினமா? அவர் லஞ்சம் வாங்குகிறவர், மாமா.

மாமனார்: லஞ்சம் கொடுக்கிறவரும்கூட, அதைத்தான் நீங்கள் கவனிக்கவில்லை. ஒரு வீட்டில் சீன உணவகத்தின் விலைப்பட்டியலையே சோதனை வாரண்டு என்று காட்டி, உள்ளே புகுந்து, 40,000 டாலரை அள்ளி வந்தாரே, நினைவிருக்கிறதா? அதே தொகையை மேலிடத்துக்குக் கொடுத்து, அடுத்த வீட்டுக்கு மட்டும் அசல் வாரண்டு வாங்குகிறார். காசில்லாமல் முடிந்த காரியத்துக்கு 40,000 டாலர் எந்தத் தலைப்பில் செலவானது?

மருமகன்: அந்த வீட்டில் சமையலறைத் தரையைப் பெயர்த்தால் 40 லட்சம் டாலர் கிடைக்கிறதே! அவ்வளவு பெரிய தொகைக்குக் காகிதம் ஒழுங்காக இருக்க வேண்டாமா?

மாமனார்: அப்படிக் கேளுங்கள்! திருடுவதற்கும் அனுமதி ஆணை வேண்டும் என்கிற அளவுக்கு அந்த மனிதருக்கு அலுவலக நடைமுறையில் மதிப்பு இருக்கிறது. ஆனால் 40 லட்சத்தில் கால்பங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறாரே, அது ரஷ்ய மாஃபியா கும்பலுக்கு அவர் தர வேண்டிய 10 லட்சத்துக்குத்தானே சரியாகிறது? நாள் முழுக்க உழைத்தும் கையில் தம்படி மிஞ்சவில்லை.

மருமகன்: நல்ல வேளை, படத்தில் வரும் லாஸ் ஏஞ்சலஸில் நீங்கள் வேலை பார்க்கவில்லை.

மாமனார்: பார்த்திருந்தால், அங்கே நிஜமாகவே நடந்த ராம்பார்ட் காவல் துறை ஊழல் விவகாரத்தை அன்றே பிடித்திருப்பேன். 1998இல் அந்த ஊர்க் காவல் துறையின் சான்றுப்பொருள் அறையிலிருந்து ஓர் அதிகாரி கொகெயினைக் கடத்தினார் அல்லவா? பூட்டை உடைத்தா எடுத்தார்? இல்லை, வேறோர் அதிகாரியின் பெயரைச் சொல்லி, முறைப்படி பதிவேட்டில் ஏற்றித்தான் எடுத்தார். படத்தில் துப்பாக்கி வெடிக்கிற இடங்களில் எல்லாம் நான் நிம்மதியாக இருந்தேன். யாராவது பேனாவைத் தொட்டால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மருமகன்: ஆனாலும் முடிவில் அந்த இளம் அதிகாரி பணத்தைச் சான்றாக ஒப்படைக்க எடுத்துப் போகிறாரே, அது உங்களுக்குத் திருப்திதானே?

மாமனார்: எடுத்துப் போனார், சரி, ஒப்படைத்ததை நீங்கள் பார்த்தீர்களா? எண்ணியவர் யார், ஒப்புகைச் சீட்டு எங்கே?

மருமகன்: மாமா, படம் முடிந்துவிட்டது!

மாமனார்: 10 லட்சம் டாலர் நிலுவையில் நிற்கும்போது எப்படி முடியும்? இரண்டாம் பாகம் எடுக்கச் சொல்லுங்கள். சண்டை, துரத்தல் எதுவும் வேண்டாம். அந்தப் பணத்தைச் சான்றுப்பொருள் அறையில் கட்டி ரசீது வாங்கும் காட்சி ஒன்றே போதும்.

மருமகன்: இரண்டு மணி நேரத்துக்கு அந்த ஒரே காட்சியா?

மாமனார்: முன்னால் வரிசை இருக்காதா, மாப்பிள்ளை?