லைஃப் ஜாக்கெட் என்ன தோள் துண்டா?

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பாரடைஸ் பீச்சுக்குப் படகு கிளம்பும் புதுச்சேரி நோணாங்குப்பம் படகுத்துறையில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள், வயிறு எரியும். கையில் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் துண்டு போலப் போட்டுக்கொண்டு ஒருத்தர். அதை மடித்துப் பலகையில் வைத்து மெத்தையாக்கி உட்கார்ந்திருக்கிறார் இன்னொருத்தர். நாலு வயசுப் பிள்ளைக்குப் பெரியவர்கள் ஜாக்கெட்டை மாட்டி, அது முழங்கால் வரை தொங்க, "செல்லம், இங்க பாரு" என்று போட்டோ எடுக்கிறார்கள். படகில் நிற்கிற தம்பி "கிளிப்பப் போடுங்க சார்" என்று தொண்டை கிழியக் கத்துகிறான். பதில் என்ன வருகிறது? "ஆத்துலதானப்பா போறோம், வேர்க்குது. அந்தப் பக்கம் போனதும் கழட்டத்தானே போறோம்."

வேர்க்கும்தான். வேர்த்தால் துடைத்துக்கொள்ளலாம்.

அந்த ஜாக்கெட் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு தடவை யோசித்திருந்தால் இப்படிப் பேசத் தோன்றாது. தண்ணீரில் விழுந்த ஆளின் தலையை மேலே நிறுத்த நாலைந்து கிலோ மிதப்பு கிடைத்தால் போதும். உள்ளே இருக்கும் நுரைப்பலகை அதைக் கொடுக்கும். ஆனால் அது உடம்போடு இறுகி இருந்தால்தான் உடம்பைத் தூக்கும். கிளிப் போடாத ஜாக்கெட், விழுந்த அடுத்த நொடியே தன்பாட்டுக்கு மேலே வந்து மிதக்கும். நீங்கள் கீழே போவீர்கள். தளர்வாக இருந்தாலும் அதே கதை: காது வரை ஏறி வந்து கண்ணை மறைக்கும், கையைத் தூக்க விடாது. பிள்ளைகளுக்குத் தலை வழியாகவே கழன்றுவிடும். மேலே உட்கார்ந்து உட்கார்ந்து நசுக்கிய நுரைப்பலகைக்கு மிதப்பும் குறைந்து போகும். அடுத்த படகில் வரும் யாரோ ஒரு பிள்ளைக்குப் போய்ச் சேர்வது நீங்கள் நசுக்கிய அந்த ஜாக்கெட்தான்.

சோதித்துப் பார்ப்பது அரை நிமிஷ வேலை. எல்லாக் கிளிப்பையும் பூட்டுங்கள், வாரை இழுத்து இறுக்குங்கள். பக்கத்தில் இருப்பவரை இரண்டு தோள்பட்டையிலும் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். தாடைக்கு மேல் ஏறினால் தளர்வு, இன்னும் இறுக்க வேண்டும். இறுக்கியும் ஏறினால் அளவு தப்பு, வேறு கேளுங்கள். பிள்ளைகளுக்குக் கால் இடுக்கு வழியாகப் போகும் வார் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் அந்தப் படகை விட்டுவிட்டு அடுத்த படகுக்கு நில்லுங்கள். டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கும்போது காட்டுகிற கண்டிப்பை இங்கே காட்டுங்கள்.

படகு கிளம்பியதும் அடுத்த கூத்து. ஒரு நாரையோ மீன்கொத்தியோ கண்ணில் பட்டால் போதும், அத்தனை பேரும் எழுந்து ஒரே பக்கம் சாய்கிறார்கள். 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடியில் 45 பேர் செத்தார்களே, பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் அந்தப் படகு கவிழ்ந்ததற்கு ஒரு காரணம். உட்கார்ந்திருக்கும் வரை எடை கீழே இருக்கிறது, படகு ஆடினாலும் தானாக நிமிரும். எழுந்து நின்றதும் எடை மேலே ஏறிவிடுகிறது. நாற்பது பேர் எழுந்து நகர்ந்தால் எந்தப் படகோட்டி என்ன செய்ய முடியும்? கையை விளிம்புக்கு வெளியே தொங்கப் போடாதீர்கள், படகுத்துறைக் கட்டைக்கும் படகுக்கும் நடுவில் விரல் நசுங்கும். மணலில் இறங்கியதும் படகின் பின்பக்கமாகச் சுற்றிப் போகாதீர்கள், அங்கே என்ஜின் விசிறி இருக்கிறது.

இதெல்லாம் சின்னக் கோபம். பெரிய கோபம் முகத்துவாரத்தில் இருக்கிறது.

சங்கராபரணி செஞ்சிப் பக்கத்து மலையில் பிறந்து, வில்லியனூர் தாண்டி வந்து, அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என்று இரண்டாகப் பிரிந்து கடலைத் தொடுகிறது. பாரடைஸ் பீச் என்று நீங்கள் தேடி வருவது இதில் சுண்ணாம்பாறு கடலைச் சேரும் இடத்தில் கிடக்கும் மணல்திட்டு. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல். அழகுக்குக் காரணமும் அதுதான், ஆளை விழுங்குவதற்குக் காரணமும் அதுதான். ஆனால் வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? கடல் பக்கம் அலை பெரிதாக இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பயமாக இருக்கிறது என்று ஆறும் கடலும் கலக்கிற வாயில், தண்ணீர் கண்ணாடி மாதிரி அமைதியாகக் கிடக்கிற இடமாகப் பார்த்து இறக்கிவிடுகிறார்கள். அந்த அமைதியைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். அலை உடையாத இடத்தில் அடியில் ஆழம் இருக்கிறது.

கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை வடிகிறது. ஏறும்போது ஆற்றுக்குள் புகுந்து நிறைந்த தண்ணீர் முழுக்க, வடியும்போது அந்தக் குறுகலான வாய் வழியாகத்தான் வெளியே போயாக வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வடிவதும் அதிகம். அப்போது அந்த இடத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்கிற ஆளையே காலடி மணலை அரித்துத் தள்ளிவிடும். வெளியே போகிற தண்ணீர் உள்ளே வருகிற அலையோடு மோதும் இடத்தில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும். நன்றாக நீந்துகிறவனுக்கே மூச்சு வாங்க இடைவெளி கிடைக்காது. ஏற்றமும் வடிவதும் தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகும். ஆகவே நேற்று பதினொரு மணிக்கு அமைதியாக இருந்ததே என்பது இன்றைக்குக் கணக்கில் வராது.

"போன வருஷம் இங்கேதான் குளிச்சோம், இடுப்பளவுதான் இருந்துச்சு" என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கு ஒன்று. போன வருஷத்து இடம் இப்போது அங்கே இல்லை. இந்தக் கரையோரம் மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு பெருகினால் வாய் அகலும், ஆழம் மாறும், திட்டு ஒரு பக்கம் கரைந்து இன்னொரு பக்கம் வளரும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதற்குப் பின் வந்த வெள்ளம் போன வழியில் பழைய குழியும் மேடும் அப்படியே இருக்குமா? இந்த ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் வீடூர் அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்று செய்தி பார்த்தால், அந்த வாரம் முகத்துவாரப் பக்கமே தலைவைக்காதீர்கள். உள்ளூர் மீனவர் "அந்தப் பக்கம் இறங்காதீங்க" என்றால் அவரிடம் வாதம் பண்ணாதீர்கள். அவர் வலை போடும் இடம் அது, அடிமணல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

கடல் பக்கமும் சும்மா இல்லை. இங்கே கரை சட்டென்று சரிகிறது, அலை கரைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து உடைகிறது. வரிசையாக உடையும் அலைகளுக்கு நடுவே ஓர் இடத்தில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கருத்து, நுரை கடலை நோக்கி நகர்ந்தால் அங்கே இழுப்பு இருக்கிறது என்று அர்த்தம். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள், களைத்துப் போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் அலையோடு திரும்புங்கள். நீந்தத் தெரியாதவர் மல்லாந்து மிதந்து ஒரு கையை ஆட்டுங்கள்.

அப்புறம் அந்தக் கைகோத்து நிற்கும் பழக்கம். பத்துப் பேர் சங்கிலியாக நின்றால் கடல் ஒன்றும் செய்யாது என்று யார் சொல்லிக்கொடுத்தது? ஓர் ஆள் விழுந்தால் பிடியை விட மனசு வராமல் பக்கத்து ஆளும் போகிறார். நனைந்த புடவையும் சுடிதாரும் காலைச் சுற்றிக்கொண்டால் எழுந்திருக்கவே முடியாது. 2022 ஜூன் 5-ஆம் தேதி கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றில் 7 பெண்கள் போனார்களே, ஒருவரைக் காப்பாற்ற ஒருவராக இறங்கித்தான் போனார்கள். பச்சைப் பிள்ளைகள். அதற்குப் பிறகும் நமக்கு உறைக்கவில்லை என்றால் எப்போது உறைக்கும்?

முழுகுகிற ஆளைப் பார்த்ததும் குதிக்காதீர்கள். எறியுங்கள். மூடி இறுக்கிய காலி இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைத் துப்பட்டாவில் கட்டி எறிந்தாலே ஒருவர் தலையை மேலே வைத்துக்கொள்ள உதவும். காலி 20 லிட்டர் கேன் இருந்தால் இரண்டு பேர் பிடித்துத் தொங்கலாம். வெளியே எடுத்தபின் தயவுசெய்து தலைகீழாகத் தூக்காதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும், நேரமும் போகும். மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சாய்த்துத் தாடையைத் தூக்கி, மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவே 5 செ.மீ. ஆழத்துக்கு நிமிஷத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 தடவை அழுத்தி, 2 தடவை ஊதுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள். கூட இருப்பவர் 108-க்கும், கடலோரக் காவல் எண் 1093-க்கும் அடிக்கட்டும்.

108 வண்டி எங்கே வரும்? கடலூர் சாலைக்கு வரும், படகுத்துறைக்கு வரும். மணல்திட்டுக்கு வராது. அடிபட்டவரைப் படகில் ஏற்றி ஆற்றைத் தாண்டிய பிறகுதான் ஆஸ்பத்திரி. இதை மனசில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கரையில் காலை வைக்க வேண்டும். குடித்துவிட்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் அதனால்தான் ஆத்திரம் வருகிறது. அவரைத் தூக்கப் போகிறவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது.

நேரக் கணக்கைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். போகும்போது கூட்டம் காலையிலிருந்து மதியம் வரை பிரிந்து பிரிந்து போகிறது. திரும்பும்போது மட்டும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில், நாலரை மணிக்கு, வீட்டு ஞாபகம் வருகிறது. ஒரு படகில் 40 பேர், போய்த் திரும்பி ஏற்றி இறக்க 50 நிமிஷம் என்று வையுங்கள். மூன்று படகு ஓடினாலும் மணிக்கு 150 பேர் தேறாது. 500 பேர் நின்றால் கடைசி ஆள் வந்து சேர மூன்றரை மணி நேரம். டிசம்பரில் இங்கே ஐந்தே முக்காலுக்குச் சூரியன் இறங்கிவிடும். அப்போதுதான் தள்ளுமுள்ளு, "இன்னும் நாலு பேர் ஏத்துப்பா, குழந்தை அழுவுது" என்ற சண்டை, மனசு இளகி ஏற்றிக்கொள்கிற படகோட்டி. படகு விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம் இருக்க வேண்டியது நாலு விரல் ஆகிறது. 2023 மே 7-ஆம் தேதி கேரளத்துத் தானூரில் இருட்டுகிற நேரத்தில், தாங்குகிற அளவைவிட அதிகம் ஏற்றிய படகில்தான் 22 பேர் செத்தார்கள். காலை முதல் படகில் போங்கள், மூன்று மணிக்குள் திரும்ப வரிசைக்கு வாருங்கள். காணும் பொங்கல் அன்றும் ஆங்கிலப் புத்தாண்டு அன்றும் கைக்குழந்தையோடு போகவே வேண்டாம்.

வரிசை நீளம் என்றதும் "நான் கொண்டுபோய் விடுறேன், ஆளுக்கு இவ்வளவு குடுங்க" என்று வருகிற தனிப் படகு இன்னொரு வினை. பிச்சாவரத்திலும் இதே பேரம் நடக்கும்: சுரபுன்னைக் காட்டைச் சுற்றிவிட்டுச் சின்னவாய்க்கால் கரை வரை போகலாம் என்பார்கள். மீன்பிடிப் படகு வலைக்கும் மீனுக்கும் கட்டியது, அதில் முப்பது பேர் உட்கார இடமும் கிடையாது, ஜாக்கெட்டும் இருக்காது. 2011 டிசம்பர் 25, பழவேற்காடு. படகு கவிழ்ந்து, விடுமுறைக்குப் போன ஒரே கூட்டத்தில் 22 பேர் செத்தார்கள். யாரிடமும் லைஃப் ஜாக்கெட் இல்லை. பேரம் பேசுவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: தலைக்கு ஒரு ஜாக்கெட் இருக்கிறதா? இல்லை என்றால் திரும்பி நடங்கள்.

கடைசியாக அந்த பீர் பாட்டில். குடித்துவிட்டு, உடைத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் மணலுக்குள் புதைக்கிறார்கள். புதைத்தால் மறைந்தது என்று நினைப்பு. இரண்டு காற்றடித்தால் மேல்மணல் போய்விடும், விளிம்பு மட்டும் மேலே நிற்கும். ஓடிவருகிற பிள்ளையின் பாதம் கிழிந்தால், குடிதண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, படகுக்குக் காத்திருந்து, ஆற்றைத் தாண்டி, தையலுக்கும் டிடி ஊசிக்கும் ஓட வேண்டும். தை, மாசியில் அதே மணலில்தான் பங்குனி ஆமை ஏறி வந்து நூறு முட்டைக்கு மேல் இட்டுவிட்டுப் போகிறது. அது தோண்டுவதும் அந்தக் கண்ணாடியோடுதான். போகும்போது நிறைந்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போன கை, வரும்போது காலிப் பாட்டிலைத் தூக்காதா? ஒரு கோணிப்பை எடுத்துப் போங்கள். உங்களுடையதையும் பக்கத்தில் கிடப்பதையும் அதில் போட்டுக் கட்டி, படகில் காலடியில் வைத்து, நோணாங்குப்பம் கரையில் இருக்கும் குப்பைத்தொட்டி வரை கொண்டு வாருங்கள்.