போர்ட் ஷெப்ஸ்டனிலிருந்து 25 நாள்

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரே வாரத்தில் 5 முறை கதிர்வீச்சு போதும் என்று ஒரு கட்டுரையில் படித்ததும் அக்கா ஞாபகம்தான் வந்தது. இடது மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு 25 நாள் கதிர்வீச்சு. தென்னாப்பிரிக்காவின் போர்ட் ஷெப்ஸ்டனிலிருந்து டர்பனுக்குப் போக மட்டும் சுமார் 120 கிலோமீட்டர். அத்தானுக்கு லீவும் தீர்ந்தது, பெட்ரோல் காசும் தீர்ந்தது.

2020இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில், 3 வாரத்தில் 40 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) பெற்றவர்களைவிட ஒரு வாரத்தில் 26 கிரே பெற்றவர்களுக்கு 5 ஆண்டுவரை நோய் அதிகமாகத் திரும்பவில்லை. ஒரு முறைக்குத் தரும் அளவு அதிகம் என்பதால்தான் மொத்தத்தைக் குறைக்கிறார்கள். கட்டுரை அதைச் சொல்லியிருக்கலாம்.

இடது மார்பகத்துக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது அருகிலுள்ள இதயத்தைக் காப்பது பற்றி அதில் எழுதியது சரியே. மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தினால் நுரையீரல் விரிந்து, இதயம் மார்புச் சுவரைவிட்டு விலகும். அக்கா வீட்டிலேயே கடிகாரம் வைத்துப் பழகினாள். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை!