அளந்து கட்டிய வீட்டுக்குப் பாதி மார்க்

அண்ணன் மகன் காரைக்குடியில் ஒன்பதாவது படிக்கிறான். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி நாலு பக்கம் எழுதிவரச் சொன்னார்கள். அவன் கானாடுகாத்தானில் இருக்கும் எங்கள் வீட்டை மைன்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் கட்டி, குரல் கொடுத்து, எடிட் செய்து வீடியோவாகக் கொடுத்தான். "கேம் விளையாடிட்டு வந்திருக்கான்" என்று பாதி மார்க். எனக்கு இதில் உடன்பாடில்லை.

நாலு பக்கக் கட்டுரை எப்படி வரும் என்று நமக்குத் தெரியாதா? பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு. வீட்டுக்குள் கால் வைக்காமலே எழுதிவிடலாம். விளையாட்டில் அந்தப் பருப்பு வேகாது. அங்கே எல்லாவற்றையும் சதுரக் கட்டிகளை அடுக்கித்தான் கட்ட வேண்டும்; ஒரு கட்டி, அதாவது ஒரு பிளாக் என்றால் ஒரு மீட்டர். திண்ணைத் தூண் ஒரு மீட்டர் தடிமனாகவா இருக்கிறது? அதனால் மீட்டருக்கு இரண்டு பிளாக் என்று கணக்கு வைத்துக்கொண்டு, முகப்பு, நடுவில் முற்றம் உள்ள வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று பின்வாசல் வரை டேப் பிடித்து அளந்திருக்கிறான். தரையில் பதிக்கும் பூவேலை ஆத்தங்குடிக் கல்லுக்குப் பதில் விளையாட்டில் உள்ள கிளேஸ்டு டெரகோட்டா என்ற சித்திர பிளாக்; நாலைத் திருப்பித் திருப்பிச் சேர்த்தால்தான் கோலம் கூடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மழைக் காட்சி. அந்த விளையாட்டில் எவ்வளவு மழை பெய்தாலும் தரையில் தண்ணீர் தேங்காது. நம் வீட்டின் சூட்சுமமே வளவைச் சுற்றிய கூரை உள்பக்கம் சரிந்து மழையை முற்றத்தில் இறக்குவதுதானே. "மழைத்தண்ணி எங்கப்பு போகுது?" என்று அவன் அப்பத்தா கேட்ட பிறகுதான் பையனுக்கு உறைத்தது. வீடியோவை அங்கே நிறுத்தி, "இந்த இடத்துல கேம் தப்பு" என்று சொல்லி, வாளியால் தண்ணீர் ஊற்றிக் காட்டுகிறான். எந்த நோட்ஸிலும் இது கிடையாது.

குறையும் உண்டு. தொடக்கத்தில் இடி மாதிரி இசையோடு அவன் பெயர் சுழன்று சுழன்று வருகிறது. டீச்சர் அங்கேயே அணைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளை என்ன செய்யும் என்று அண்ணி கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால்தான் எடிட்டிங்குக்கு மார்க் வேண்டாம், அளவு குறித்த நோட்டுக்குப் போடுங்கள் என்கிறேன். அட்டையில் வீடு செய்யும் பிள்ளையும் அளக்கத்தானே வேண்டும்?

2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. இந்தப் பக்கம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய தூணும் கதவும் விலைக்கு நிற்கின்றன. அவை இருந்த வீடுகளை யார் அளந்து வைத்தார்கள்?

திங்கட்கிழமை அந்த நோட்டோடு பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். மார்க் ஏறாவிட்டாலும் சரி, டீச்சர் அந்த மழைக் காட்சியையாவது ஒருமுறை பார்க்கட்டும்.